அடி விழும் இடம்

தம்பி,

உன் வக்கீல் அனுப்பிய தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. போடப்போவதும் இல்லை. கூரியர்காரர் அதைக் கொண்டுவந்து கொடுத்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. எங்கே கையெழுத்து விழ வேண்டும் என்பதற்கு மஞ்சள் நிறத்தில் ஒரு துண்டுச்சீட்டை ஒட்டி, அம்புக்குறியும் போட்டிருக்கிறார்கள். எனக்கு வயது அறுபத்தேழு, ஒரு கண்ணில் புரை, ஆனாலும் எழுத்து தெரிகிறது. 'மேற்படி மெட்டு முழுக்க முழுக்க என் சொந்தக் கற்பனையில் உதித்தது, வேறு எவருடைய பாடலையும் தழுவியதல்ல, இதை என் மகனுக்கு மனமுவந்து கொடுத்தேன்' என்று நான் சத்தியம் செய்ய வேண்டுமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நீ ஒரு பிணத்தையே மறைக்கச் சொல்கிறாய்.

இதை உனக்கு மட்டும் எழுதினால் உன் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். அதனால் ஊரறிய எழுதுகிறேன். உன் பெயரை எங்கேயும் போடவில்லை. போடாமலே தெரியும், உன் பாட்டு ஓடாத டீக்கடை பூதலூரிலிருந்து பேராவூரணி வரை ஒன்றுகூடக் கிடையாது. அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று உன் தரப்பில் சொல்லப் பார்ப்பார்கள் என்பதும் தெரியும். இன்று காலை கால் வேலி நிலத்துக்கு உர மூட்டை கணக்குப் பார்த்துச் சொன்னவன் நான்தான், உன் அம்மாவைக் கேட்டுப் பார். கோபத்தில் எழுதுகிறேன் என்றும் சொல்வார்கள். அது உண்மை. யார் மேல் கோபம் என்பதை முடிவு வரை படித்தால் தெரிந்துகொள்வாய்.

உன் பாட்டில், மூன்றாவது அடியின் நடுவில், ஒரு இடம் இருக்கிறது. எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். ஒரே ஒரு கைத்தட்டல் விழும். பிறகு பாட்டு எதுவும் நடக்காதது போல மேலே போகும். காதலன் காதலியைக் கேலி செய்து பாடும் பாட்டு அது. கல்யாண மண்டபங்களில் குழந்தைகள்கூட அந்த இடத்தில் பிசகாமல் கை தட்டுகின்றன. பேட்டியில் ஒரு பெண் உன்னிடம் அதைப் பற்றிக் கேட்டாள். "அந்த கேப் எங்கப்பாகிட்டேர்ந்து வந்தது" என்று சொல்லிச் சிரித்தாய். என்னிடமிருந்துதான் வந்தது. எப்படி வந்தது என்பதை நீ அவளிடம் சொல்லவில்லை. உனக்கு ஒன்பது வயது. கீபோர்டில் அந்த மெட்டைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ அந்தக் காலி இடத்தில் ஒரு சுரத்தைப் போட்டு நிரப்பினாய். நிரப்பாதே என்றேன். மறுபடியும் நிரப்பினாய், காது நன்றாக இருக்கும் எந்தப் பிள்ளையும் நிரப்பத்தான் செய்யும். மூன்றாவது தடவை மர ஸ்கேலின் விளிம்பால் உன் விரல்களின் மேல் ஓங்கி அடித்தேன். உன் நடுவிரல் நகம் கறுத்து, பதினைந்து நாளில் விழுந்துவிட்டது. உன் அம்மா சமையல்கட்டிலிருந்து வந்து, "பாட்டு சொல்லித் தர்றீங்களா, மாடு பழக்குறீங்களா?" என்று கேட்டாள். அடியாத மாடு படியாது என்று பதில் சொன்னேன். நீ படிந்துவிட்டாய். அதன் பிறகு ஒரு நாளும் அந்த இடத்தில் உன் விரல் இறங்கவில்லை.

ஆனால் அந்த இடம் எதற்காகக் காலியாக இருக்கிறது என்று நீ கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் அன்று நான் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்கிறேன்.

உன் தாத்தா இறந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. சர்க்கரை வியாதியில் கால் அழுகி, மாடி அறையில் ஆறு மாதம் படுக்கையில் கிடந்து போனார். பெரிய சாவு. கொட்டு, பந்தல், வெளியூர் உறவு என்று வாசல் நிறைந்துவிட்டது. அந்தக் காலத்தில் நம் வீட்டு எழவுக்கு ஒப்பாரி வைக்க வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருவிலிருந்து பெண்களைக் கூப்பிடுவது வழக்கம். கூப்பிடுவது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆள் அனுப்பி வரச்சொல்வார்கள். வர மாட்டேன் என்று சொல்ல முடியாது, அவர்கள் நம் நிலத்தில் வேலை செய்தவர்கள். பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்று மாரடித்து அழ வேண்டும், உள்ளே வரக்கூடாது. அப்படி வந்தவர்களில் ஒருவர் பாக்கியம். அப்போது அவருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். சிங்கப்பூரில் இருந்த என் சித்தப்பாவால் சாவுக்கு வர முடியவில்லை. வர முடியாதவர்களுக்கு எழவு வீட்டு அழுகையைக் கேசட்டில் பிடித்து அனுப்புவது அன்று நடந்துகொண்டிருந்த விஷயம். சித்தப்பா வாங்கி அனுப்பிய டேப்ரிக்கார்டரிலேயே அவருடைய அண்ணன் சாவைப் பிடித்து அவருக்கே அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. அந்த வேலை என்னிடம் வந்தது, ஏனென்றால் நான்தான் ஒரு பாட்டுக் குழுவில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவன். மைக்கைப் பிடித்துக்கொண்டு பந்தல் ஓரத்தில் நின்றேன்.

பாக்கியம் பாடினார்.

மதகடியில் சாஞ்ச மரம்
மண்ணு தின்னப் போன மரம்
தண்ணி வந்து — கேக்குதய்யா
தாகம் தீந்த சேதி என்ன

'தண்ணி வந்து' என்றதும் குரல் நின்றது. வலது கை உயர்ந்து நெஞ்சில் ஒரு அடி. அவ்வளவு பேர் அழுகைக்கு நடுவிலும் அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. அப்புறம் குரல் மேலே ஏறியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. துக்கத்தில் என்று நினைத்துவிடாதே. அப்பா பத்தடி தூரத்தில் மாலையோடு கிடக்கிறார், நான் மனதுக்குள் சுரம் பிரித்துக்கொண்டிருக்கிறேன். மெட்டு எங்கே இறங்குகிறது, எங்கே திரும்புகிறது என்று. பாதியில் பிடி நழுவிப் போனதால் அந்த அம்மாளிடம் இன்னொரு தடவை அந்த வரியைப் பாடச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாடினார். இரண்டாம் தடவை அடி இன்னும் பலமாக விழுந்தது. படுக்கையில் செத்த மனிதருக்கு மதகடியில் சாய்ந்த மரம் என்று ஏன் பாடுகிறார் என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. எதுகைக்காகப் போட்ட வார்த்தை என்று நினைத்துக்கொண்டேன். மெட்டுத் திருடுகிறவனுக்கு வார்த்தை காதில் விழாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அந்த மெட்டுக்குக் காதல் வரிகளை எழுதினேன். பேராவூரணிப் பக்கத்துத் திருவிழா மேடைகளில் பாடினோம். ஜனம் மறுபடி பாடச் சொல்லிக் கத்தியது. நெஞ்சில் அடி விழும் இடத்தை மட்டும் என்னால் எதைப் போட்டும் மூட முடியவில்லை. தபலா போட்டுப் பார்த்தேன், கஞ்சிரா போட்டுப் பார்த்தேன், பாட்டு செத்துப்போனது. கடைசியில் காலியாகவே விட்டேன். இது என் பாணி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஆடி மாதம் தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு கேசட் கடையைத் தாண்டிப் போகும்போது அதே மெட்டு காதில் விழுந்தது. அம்மன் பாட்டு. கடைக்காரர் பெயர் ரத்தினம், அவரும் ஆர்மோனியக்காரர்தான், என் மேடைக்கு முன்னால் பல தடவை உட்கார்ந்து கேட்டவர். உள்ளே போய் ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். "மெட்டுக்கு யாருய்யா பட்டா போட்டிருக்கா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் போதுமானதாக இருந்தது. மூக்கில் குத்தினேன். ரத்தம் அவர் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. கேசட் அடுக்கைப் பிடித்துக் கவிழ்த்தேன். அவர் வாசல்படியில் விழுந்து, எழுந்துகொள்ள இடது கையை ஊன்றினார். நான் ஷட்டர் கொக்கியைப் பிடித்து முழு பலத்தோடு கீழே இழுத்தேன். எலும்பு முறியும் சத்தம் எப்படி இருக்கும் என்று எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர் கத்தியது தெரு முனை வரை கேட்டது. அவர் கத்திய நேரம் முழுக்க நான் ஷட்டரைத் தூக்காமல் அப்படியே ஒரு காலால் மிதித்துக்கொண்டு நின்றேன். அதையும் எழுதிவிடுகிறேன், பாதி உண்மை சொல்ல இவ்வளவு தாள் தேவையில்லை.

ஸ்டேஷனில் நான் சொன்ன வார்த்தை, "அவன்தான் சார் கைய வெச்சான்." இன்ஸ்பெக்டர் வயதானவர், நிதானமானவர். "பாட்டத் திருடுனான்னா நான் என்னய்யா எழுதுறது? சைக்கிள்னா நம்பர் இருக்கும். மாடுன்னா சுழி இருக்கும். பாட்டுக்கு என்ன அடையாளம்?" என்றார். பெஞ்சில் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்த ரத்தினம் நிமிர்ந்தார். "அடையாளம் இருக்கு சார். மூணாவது அடியில ஒரு எடம் சும்மா கெடக்கு. அது ஏன் சும்மா கெடக்குன்னு இவரச் சொல்லச் சொல்லுங்க. சொல்லிட்டா நான் கேஸே வேணாம்னு போயிடுறேன்." நான் இன்ஸ்பெக்டரின் மேசையைப் பார்த்தேன். "அது மாரடிக்கிற எடம் சார். எவ வூட்டு எழவுலயோ எடுத்துருக்காரு" என்றார். திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தேன். பெரிய மனிதர்கள் நாலு பேர் வந்து சமாதானம் பேசினார்கள், எங்கள் பக்கம் நிலமும் ஆளும் இருந்தன, ரத்தினம் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவருடைய இரண்டு விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை. நான் மேடையை விட்டு வயலுக்குத் திரும்பினேன். மனம் திருந்தி அல்ல, அந்தக் கேள்வியை இன்னொருவன் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவானோ என்ற பயத்தில்.

அந்த மெட்டைத்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீ சென்னை போய், பெரியவனாகி, அதைச் சினிமாவுக்குக் கொடுத்தாய். என்னிடம் கேட்டுத்தான் கொடுத்தாய். "ஒங்களுதுதானப்பா?" என்று போனில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டாய். ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இது சொந்த மெட்டு என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாய். அந்த மட்டில் நீ குற்றவாளி இல்லை.

அதற்கப்புறம் நடந்தது வேறு. பாக்கியம் அம்மாள் இறந்து ஒரு வருடம் ஆனபோது அவருடைய மகள் வளர்மதி, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அம்மா கடைசியாகப் பாடியதை யூடியூபில் போட்டார்கள். போனில் எடுத்த வீடியோ. அதைப் பார்த்தவர்கள் உன் பாட்டோடு பொருத்தி, ஒப்பாரித் திருடன் என்று உன்னைக் கிண்டல் செய்தார்கள். நீ காப்பிரைட் புகார் கொடுத்து அதை இறக்கவைத்தாய். பெற்ற தாயின் குரல், 'உரிமை மீறல்' என்று எடுக்கப்பட்டுவிட்டது. அம்மா பெயரைப் பாட்டில் போட்டால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று வளர்மதி உனக்கு எழுதினார்கள். நீ வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாய். அவர்கள் வீடியோவை மறுபடியும் ஏற்றினார்கள், மறுபடியும் இறக்கினாய். போன மாதம், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, காரை எடுத்துக்கொண்டு வந்தாய். நம் வீட்டில் சாப்பிட்டாய். உன் அம்மா இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு ஒரு ஆளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாய். போன இடத்தில் அந்த டீச்சர் கையிலிருந்த போனைப் பிடுங்கி, வாய்க்கால் பாலத்துக் கட்டையில் ஓங்கி அடித்து, உடைந்ததைத் தண்ணீரில் எறிந்தாய். அறுவடை மெஷினிலிருந்து குதித்து ஓடிவந்த அவர்கள் மகன் இளங்கோவை முகத்தில் அறைந்தாய். நீ போய்விடாமல் இருக்க அவன் கார் கதவைப் பிடித்தான். நீ கதவை அடித்துச் சாத்தினாய். அவன் விரல்கள் உள்ளே மாட்டியிருந்தன. அப்படியே வண்டியை எடுத்தாய், நாலடி ஓடி விழுந்தான். மூன்று விரல்.

அன்று சாயங்காலம் போனில் உன்னைக் கேட்டேன். "அவன்தான்ப்பா கைய வெச்சான்" என்றாய். தம்பி, எனக்கு உட்காரத் தோன்றியது, நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஷட்டர் கதையை நான் உனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. உன் அம்மாவுக்கே முழுதாகத் தெரியாது. பிறகு எப்படி அதே வார்த்தை, அதே குரலில்? இந்தப் பக்கத்தில் 'கை நீளம்' என்று ஒரு பேச்சு உண்டு. திருடுகிறவனுக்கும் அதைத்தான் சொல்வார்கள், சட்டென்று அடிக்கிறவனுக்கும் அதைத்தான் சொல்வார்கள். இரண்டும் ஒரே கைதான் என்று சொன்னவனுக்குத் தெரிந்திருக்கிறது. நம் வீட்டுக்குக் கை நீளம், மூன்று தலைமுறையாக.

மூன்று என்று நான் எழுதியது உனக்குப் புதிதாக இருக்கும். மறுநாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இளங்கோ கையில் கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நான் யார் என்று தெரிந்தும் வளர்மதி, "உக்காருங்க சார்" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார்கள். அந்த மரியாதை செருப்படியைவிட மோசமாக இருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், புதிதாக ஒரு போன் வாங்கித் தருகிறேன் என்று உளறினேன்.

"போன் இருக்கட்டும் சார். எங்கம்மா கொரலு அதுல மட்டுந்தான் இருந்துச்சு. மேல ஏத்துனத எறக்கிட்டீங்க, கையில இருந்தத ஒடச்சிட்டீங்க."

அந்தக் காலி இடத்தைப் பற்றி நானே கேட்டேன். நாற்பது வருடமாக எவனும் கேட்டுவிடக் கூடாது என்று பயந்த கேள்வியை.

"ஒப்பாரின்னா அடிக்கு அடி மாரடிச்சிப்பாங்க சார். எங்கம்மா இந்தப் பாட்டுல மட்டும் ஒரே ஒரு தடவ, பாட்ட நிறுத்திட்டு அடிச்சிக்கும். எங்கப்பாவுக்கு அது கட்டுன பாட்டு இது. யார்கிட்டயும் கத்துக்கிட்டது இல்ல. அவருக்கு வுழுந்தது ஒரே அடிதானாம். மதகுல வெச்சு, நெஞ்சுல. நான் அப்ப வயித்துல மூணு மாசம்."

ஒரே அடிதான். எனக்குத் தெரியும், நான் அங்கே இருந்தேன். எனக்குப் பத்து வயது. வளர்மதியின் அப்பா கோவிந்தன் நம் நிலங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். அது முறைத் தண்ணீர், நமக்குத்தான் முதல் முறை. அவர்கள் தெருவார் குத்தகைக்கு எடுத்திருந்த துண்டு நிலத்தில் நாற்று கருகுகிறது என்று மதகுப் பலகையை ஒரு சாண் தூக்கி விட்டிருந்தார். உன் தாத்தா வரப்பில் நடந்து வந்தார். பேசவே இல்லை. கோவிந்தன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி, திருப்பி, அதன் பின்பக்கத்தால் நெஞ்சில் ஒரு அடி. கோவிந்தன் வாயிலிருந்து சத்தம் வரவில்லை, ரத்தம்தான் வந்தது. மதகடியில் அப்படியே சாய்ந்தார். தண்ணீர் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடியது. எட்டாம் நாள் இறந்தார். மஞ்சள் காமாலை என்று ஊர் பேசிக்கொண்டது, நானும் அப்படியே நம்பப் பழகிக்கொண்டேன். பதினாலு வருடம் கழித்து, அடித்தவர் செத்தபோது, அந்தப் பெண்ணை ஆள் அனுப்பி வரவழைத்து அழச் சொன்னோம். அவர் வந்தார். தன் புருஷனுக்குக் கட்டிய பாட்டை, அவரைக் கொன்றவர் பிணத்துக்கு முன்னால், ஊரே கேட்கப் பாடிவிட்டுப் போனார். ஒருவருக்கும் புரியவில்லை. எனக்கு மெட்டு பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து பரண்மேல் ஏறினேன். உன் அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே இருந்தாள். சித்தப்பாவுக்கு அனுப்பியது இன்னொரு பிரதிதான். மூலக் கேசட்டை நான் வைத்திருந்தேன், எறியவும் மனமில்லாமல் கேட்கவும் தைரியமில்லாமல். பூஞ்சை பிடித்திருந்தது. பழைய ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் சுத்தம் செய்து ஓட்டிக்காட்டினார். பாக்கியம் அம்மாள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. மூன்றாவது வரி, அந்த அடி. அப்புறம் மிகப் பக்கத்தில், மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு ஒருவன் பேசுகிறான்: "பாக்கியம், அந்த வரிய இன்னொரு தரம் பாடு." என் குரல்தான். பெற்ற தகப்பன் பிணத்துக்கு முன்னால், என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒரு பெண்ணை, 'பாடு' என்கிறேன்.

உன் வக்கீல் போனில் எனக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தார். ஒப்பாரி, தாலாட்டு, நடவுப் பாட்டு எல்லாம் பொதுச் சொத்து சார், யாரும் உரிமை கொண்டாட முடியாது என்றார். யாருக்கும் உரிமை இல்லாதது என் மகனுக்கு மட்டும் எப்படிச் சொந்தமானது என்று கேட்டேன். "அது ஒங்க கற்பனைன்னு ஆயிட்டா பிரச்சினையே இல்ல சார், அதுக்குத்தான் கையெழுத்து" என்றார். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பது இப்போது அஃபிடவிட்டாக வருகிறது. பொதுச் சொத்து என்று அவர் சொல்வதில் உண்மை இருக்கலாம், ஊர் ஊராகத் தலைமுறைகள் பாடி வந்த மெட்டுகளுக்கு. இது அப்படி வந்ததல்ல. இதைக் கட்டியவருக்குப் பெயர் இருக்கிறது, கட்டிய காரணம் இருக்கிறது, மாட்டுக்குச் சுழி போல அடையாளமும் இருக்கிறது. அந்த அடையாளத்தை அழிந்துவிடாமல் உன் விரலை அடித்துக் காப்பாற்றியவன் நானே. உன் பாட்டே உனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

நேற்று கேசட்டை வளர்மதியிடம் கொடுத்துவிட்டேன். அதை எடுத்து ஏற்றிய பென் டிரைவையும் கொடுத்தேன். அவர்கள் வீட்டிலேயே போட்டுக் கேட்டார்கள். அம்மாவின் குரல் வந்ததும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்கள். என் குரல் வந்தபோது என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"'பாடுங்க'ன்னு ஒரு தடவ கேட்டிருக்கலாம் சார் நீங்க."

அவ்வளவுதான் சொன்னார்கள். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இளங்கோ உள் அறையிலிருந்து வெளியே வரவே இல்லை. அவர்கள் உன் மேல் போட்டிருக்கும் வழக்கின் அடுத்த வாய்தாவுக்கு நான் தஞ்சாவூர் கோர்ட்டுக்குப் போகிறேன். அவர்கள் பக்கத்துச் சாட்சியாக. மெட்டு யாருடையது என்பதையும் சொல்வேன், கார் கதவைப் பற்றி நீ என்னிடம் போனில் சொன்னதையும் சொல்வேன். ரத்தினம் இருந்திருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போயிருப்பேன், அவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. இதனால் உன் பிழைப்பு போகலாம். உன் மேல் கேஸ் இறுகலாம். பெற்றவனே செய்தான் என்று நீ என்னைச் சாகும்வரை பார்க்காமல் இருக்கலாம். இதையெல்லாம் நினைத்து ஒன்பது நாள் தூங்கவில்லை. நீ என் ஒரே பிள்ளை. உன்னை அந்தக் கூண்டில் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, ஆனாலும் போவேன். அதற்கு முன்னால் நீயே போய் அந்த வீட்டு வாசலில் நின்று, பாக்கியம் அம்மாள் பெயரைப் போடுகிறேன் என்று சொன்னால், நான் உன் பக்கத்தில் வந்து நிற்பேன். அடிக்கு உள்ள தண்டனை அப்போதும் உண்டு. அதை வாங்கிக்கொள்.

உன் மகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறாயாம், உன் அம்மா சொன்னாள். அவள் அந்தக் காலி இடத்தில் சுரம் போட்டால் போடட்டும். கை ஓங்காதே. எதற்காக அங்கே காலியாக இருக்கிறது என்று கோவிந்தன் பெயரைச் சொல்லி அவளுக்குச் சொல்லு, விட வேண்டுமென்று அவளுக்கே தோன்றினால் விடுவாள். உன் அப்பன் நான் உனக்கு அப்படிச் சொல்லியிருந்தால், நீ அந்தக் கதவைச் சாத்தியிருக்க மாட்டாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைப்பதில் எனக்கு ஒரு ஆறுதல், உண்மையா என்று தெரியாது.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் சாகும்போது வீட்டு வாசலில் யாரும் அந்தப் பாட்டைப் போடக் கூடாது. ஆள் அனுப்பி யாரையும் வரச்சொல்லவும் கூடாது. வளர்மதி தானாக வந்தால் பந்தலுக்குள் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வை. பாடச் சொல்லாதே. அவர்களாகப் பாடினால் எழுந்து நின்று கேள். மூன்றாவது அடியில் 'தண்ணி வந்து' என்று குரல் நிற்கும். அந்த இடத்தில் உன் கையை ஓங்கு. ஓங்கி, உன் நெஞ்சில் அடித்துக்கொள்.

அப்பா